பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுறீங்களா? பூட் பார்ட்டிஷனுக்கு எவ்வளவு இடம் விடணும்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் பெறும் வழி இருக்கிறது, ஆனால் அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். பழைய லேப்டாப் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

வடபழஞ்சி, இலந்தைகுளம் ஐடி பூங்காக்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் சரி, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து மதுரைக்கு வரும் கல்லூரி மாணவர்கள் வீட்டிலும் சரி, இப்படி ஒரு லேப்டாப் அலமாரியில் கிடப்பது சாதாரணம். எடைக்குப் போடவும் மனசு வராது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டி, உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டால் இன்னும் சில வருஷம் நன்றாகவே ஓடும். பென் டிரைவ் ஒன்று இருந்தால் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

சிக்கல் வருவது நடுவில் வரும் ஒரு ஸ்கிரீனில். ‘டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும்?’ என்று இன்ஸ்டாலர் கேட்கும். பலர் யோசிக்காமல் நெக்ஸ்ட் அமுக்குவார்கள். இன்னும் சிலர் எங்கோ பார்த்த பத்து வருஷப் பழைய வீடியோவை நம்பி 100 எம்பி, 200 எம்பி என்று ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அப்டேட் பாதியில் நிற்கும்போதுதான், அதுவும் பெரும்பாலும் பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில்தான், அந்த ஸ்கிரீன் ஞாபகத்துக்கு வரும்.

அந்த ஸ்கிரீனில் இரண்டு விஷயம் முடிவாகிறது. ஒரு பார்ட்டிஷன் டிஸ்க்கில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது ஒன்று, இதைத்தான் அலைன்மென்ட் என்கிறார்கள். பூட் பார்ட்டிஷனுக்கு எவ்வளவு இடம் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி இப்போது பெரும்பாலானோர் கவலைப்படத் தேவையில்லை. இரண்டாவதைப் பற்றிக் கட்டாயம் யோசிக்கணும்.

ஷேர் ஆட்டோ கணக்கு

டிஸ்க் என்பது வரிசையாக எண் போட்ட குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வோர் அறைக்கும் செக்டர் என்று பெயர். பல காலமாக ஒரு செக்டர் என்றால் 512 பைட். டிஸ்க்குகள் பெரிதாகப் பெரிதாக, இவ்வளவு சின்ன அறைகளாக வைத்திருப்பது வீண் என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு செக்டருக்கும் நடுவில் இடைவெளி விடணும், பிழை திருத்தும் தகவலுக்குத் தனி இடம் ஒதுக்கணும். அதனால் எட்டு செக்டரைச் சேர்த்து 4,096 பைட் கொண்ட ஒரே பெரிய செக்டராக்கினார்கள். அட்வான்ஸ்டு ஃபார்மேட் என்று அதற்குப் பெயர். 2011 ஜனவரியிலிருந்து புதிய லேப்டாப், டெஸ்க்டாப் டிஸ்க் மாடல்களை இந்த முறையில்தான் கொண்டுவருவது என்று ஹார்ட் டிஸ்க் நிறுவனங்கள் பொதுவாக முடிவெடுத்திருந்தன.

ஆனால் பழைய சாஃப்ட்வேர்களுக்கு 512 கணக்கு மட்டும்தான் தெரியும். எனவே உள்ளே 4,096 பைட்டாக எழுதினாலும், வெளியே ‘நான் 512 பைட் டிஸ்க்தான்’ என்று காட்டிக்கொள்ளும்படி இந்த டிஸ்க்குகளைச் செய்தார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

மாட்டுத்தாவணியில் வரிசையாக ஷேர் ஆட்டோ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எட்டு சீட். எட்டு எட்டுப் பேராகக் குழுக்கள் வந்து ஏறுகின்றன. முதல் குழு ஒரு காலி ஆட்டோவில் ஏறினால், பின்னால் வரும் எல்லாக் குழுவும் ஆளுக்கொரு ஆட்டோ என்று சிக்கலில்லாமல் போய்விடும். ஆனால் முன்னாலேயே 63 சீட் நிரம்பியிருந்தால்? ஏழு ஆட்டோ முழுசாக நிரம்பி, எட்டாவது ஆட்டோவில் ஒரே ஒரு சீட்தான் மிச்சம். குழுவில் ஒருவர் இங்கே, மீதி ஏழு பேர் ஒன்பதாவது ஆட்டோவில். அடுத்த குழுவும் அப்படியே உடையும், அதற்கடுத்ததும் உடையும். கடைசி ஆட்டோ வரைக்கும் ஒரு குழுகூட ஒன்றாக உட்கார முடியாது.

விண்டோஸ் எக்ஸ்பி செய்தது இதேதான். அது உருவாக்கும் முதல் பார்ட்டிஷன் 63-ம் செக்டரில் ஆரம்பிக்கும். ஃபைல்களை அது 4 கேபி துண்டுகளாக, அதாவது எட்டு எட்டு செக்டராகத்தான் வைக்கும். அதனால் ஒவ்வொரு துண்டும் இரண்டு பெரிய செக்டர்களில் கால் வைத்து நிற்கும். ஒரு துண்டை எழுத வேண்டுமென்றால் டிஸ்க் இரண்டு பெரிய செக்டரையும் முதலில் படிக்கணும், மாற்றணும், தட்டு ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருந்து திரும்ப எழுதணும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் லேப்டாப் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் சின்னச் சின்ன ஃபைல்களாக ஆயிரக்கணக்கில் எழுதும்போது லேப்டாப் முக்கி முனகுவது நன்றாகவே தெரியும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு வைத்திருந்தது. அதன் சில டிஸ்க்குகளின் பின்பக்கம் 7, 8 எண் பின்களில் ஒரு குட்டி ஜம்பரைச் செருகினால், டிஸ்க் எல்லா எண்ணையும் ஒன்று தள்ளி வைத்துக்கொள்ளும். எக்ஸ்பி 63 என்று நினைத்து எழுதுவது உண்மையில் 64-ல் போய் உட்காரும். எட்டெட்டு அறுபத்து நான்கு, கணக்கு நேராகிவிட்டது! எக்ஸ்பிக்குக் கடைசி வரை விஷயமே தெரியாது. ஒரே பார்ட்டிஷனாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது சரிப்பட்டது. மற்றவர்களுக்கு, பார்ட்டிஷனை நகர்த்தித் தரும் தனி சாஃப்ட்வேரை அந்த நிறுவனம் கொடுத்தது.

நிரந்தரத் தீர்வு 2007-லேயே விண்டோஸ் விஸ்டாவோடு வந்துவிட்டது. முதல் பார்ட்டிஷனை 2,048-ம் செக்டரில், அதாவது சரியாக 1 எம்பி தள்ளி ஆரம்பிப்பது. 2,048 எட்டால் வகுபடும். எஸ்எஸ்டி-யின் உள்ளே இருக்கும் 4 கேபி, 8 கேபி, 16 கேபி பக்கங்களுக்கும் 1 எம்பி என்பது ஒத்துப்போகும் எண். லினக்ஸ் இன்ஸ்டாலர்களும் 2010-11 வாக்கில் இதே வழிக்கு வந்துவிட்டன.

அரசு லேப்டாப் வந்த நேரம்

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் இருக்கிறது. டிஸ்க் உலகம் 512-லிருந்து 4,096-க்கு மாறிக்கொண்டிருந்த அதே 2011-ல்தான், செப்டம்பர் 15-ம் தேதி, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்த ஆரம்பகால லேப்டாப்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம் என்று இரட்டை பூட். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒரே டிஸ்க்கில் இருக்க முடியும் என்று தெரிந்ததே அந்த லேப்டாப்பைத் திறந்தபோதுதான்.

அடுத்து நடந்தது பலருக்கும் ஞாபகமிருக்கும். ‘அண்ணே, இதுல லினக்ஸ்னு ஏதோ வருதுண்ணே, எடுத்துட்டு எக்ஸ்பி போட்டுக் குடுங்க’ என்று சர்வீஸ் கடைக்குப் போவது. கடையில் இருக்கும் பழைய சிடியையோ கோஸ்ட் இமேஜையோ வைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே சி டிரைவாக்கித் தருவது. இருந்த பார்ட்டிஷனுக்குள்ளேயே எக்ஸ்பியைப் போட்டிருந்தால் அலைன்மென்ட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எல்லாவற்றையும் அழித்து எக்ஸ்பி கையாலேயே புதிதாகப் பிரித்திருந்தால், மறுபடியும் 63-ம் செக்டர்தான். உள்ளே இருப்பது அட்வான்ஸ்டு ஃபார்மேட் டிஸ்க் என்றால், அன்றிலிருந்து அந்த லேப்டாப் மெதுவாகியிருக்கும். பழி என்னவோ ‘கவர்ன்மென்ட் லேப்டாப்னா இப்படித்தான்’ என்று லேப்டாப் மேல்தான் விழுந்தது.

2014 ஏப்ரல் 8-ம் தேதி எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்தபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே அறிவுறுத்தியது. இன்றைக்கு விண்டோஸ் 10-க்கு நடப்பது கிட்டத்தட்ட அதே காட்சியின் இரண்டாம் பாகம்.

உங்கள் டிஸ்க் எப்படி இருக்கு?

பார்த்துவிடுவது எளிது. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, காம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ என்று ஒரு எண் இருக்கும். அதை 4,096-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வந்தால் சரி. 10,48,576 என்று இருந்தால் அது 1 எம்பி, 256 என்று சுத்தமாக வகுபடும். 32,256 என்று இருந்தால் அது பழைய 63-ம் செக்டர், வகுத்தால் 7.875 வரும்.

புதிய டிஸ்க்கில் புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். கையால் பிரிப்பதென்றால் ஜிபார்ட்டெட்டில் ‘அலைன் டு’ என்ற இடத்தில் எம்ஐபி என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். சிலிண்டர் என்றோ நன் என்றோ மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ளவர்கள் ஒரே ஒரு வகை. எக்ஸ்பி காலத்து டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து புது எஸ்எஸ்டி-க்கு மாற்றுபவர்கள். குளோன் என்றால் உள்ளது உள்ளபடி காப்பி எடுப்பது, எனவே 63 என்ற தப்பும் சேர்ந்து வந்துவிடும். எஸ்எஸ்டி-யில் இது வேகத்தைக் குறைப்பதோடு, ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் எழுத வைத்து அதன் ஆயுளையும் தின்னும். ஆசையாகக் காசு கொடுத்து எஸ்எஸ்டி மாட்டிவிட்டு, பழைய டிஸ்க்கின் தப்பையும் கூட ஏன் சுமக்கணும்? ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போடுவதே நல்லது.

63-ல் ஆரம்பிக்கும் டிஸ்க்கில் லினக்ஸ் போடுபவர்களுக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் லேப்டாப்களில், லினக்ஸின் பூட் லோடரான கிரப் தன் முக்கியப் பகுதியை டிஸ்க்கின் முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தில்தான் வைக்கும். பார்ட்டிஷன் 63-ல் ஆரம்பித்தால் அந்த இடம் 62 செக்டர், வெறும் 31 கேபி. இன்றைய கிரப்புக்கு அது போதாமல் போகலாம். ‘இடம் ரொம்பச் சின்னதா இருக்கு’ என்று சொல்லி இன்ஸ்டாலேஷன் கடைசிக் கட்டத்தில் கவிழும். 2,048-ல் ஆரம்பித்தால் கிட்டத்தட்ட 1 எம்பி கிடைக்கும், தாராளம்.

பூட் பார்ட்டிஷன் என்றால் எது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஏனென்றால் இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

முதலாவது, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். சுருக்கமாக இஎஸ்பி. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வந்த லேப்டாப்களில், பவர் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு முதலில் தேடிப் போவது இங்கேதான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பூட் லோடரும் இதில்தான் இருக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும்.

இரண்டாவது, லினக்ஸின் தனி பூட் பார்ட்டிஷன். கெர்னலும், அது எழுந்து நிற்கத் தேவையான இனிட்ஆர்டி என்ற ஃபைலும் இதில் இருக்கும். எல்லோருக்கும் இது தேவையில்லை. உபுண்டுவைச் சாதாரணமாகப் போட்டால் தனியாக இது வராது, முதன்மைப் பார்ட்டிஷனுக்குள்ளேயே ஒரு ஃபோல்டராக இருந்துவிடும். டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டு என்க்ரிப்ட் செய்தால் தனியாக வரும். ஃபெடோராவில் எப்போதுமே தனிதான்.

இதுபோக விண்டோஸ் தனக்கென்று ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்றையும் வைத்துக்கொள்ளும்.

லினக்ஸின் பூட் பார்ட்டிஷன் எப்படித் தனியாகப் பிரிந்தது என்பதும் அந்த 63 என்ற எண்ணோடு சம்பந்தப்பட்டதுதான். பழைய பயாஸ் டிஸ்க்கில் ஓர் இடத்தைச் சொல்ல சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களைப் பயன்படுத்தியது. செக்டருக்கு ஒதுக்கியது 6 பிட், எண்ணுவது ஒன்றிலிருந்து, ஆகவே அதிகபட்சம் 63. சிலிண்டருக்கு 10 பிட், ஆகவே 1,024. எல்லாவற்றையும் பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. அதைத் தாண்டி இருக்கும் எதுவும் பூட் ஆகும் நேரத்தில் பழைய பயாஸின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டிஸ்க்கின் முன்பக்கத்திலேயே குட்டியாக ஒரு பார்ட்டிஷன் போட்டு, கெர்னலை அதில் வைத்தார்கள். அப்போது கெர்னல் ஒன்றிரண்டு எம்பி-தான், 100 எம்பி ஒதுக்கினால் ஊதாரித்தனம். அந்தத் தடை எப்போதோ போய்விட்டது. ‘பூட்டுக்கு 100 எம்பி போதும்ப்பா’ என்ற அறிவுரை மட்டும் வாய்வழியாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

100 எம்பி ஏன் பத்தவில்லை?

இன்றைய கெர்னல் ஃபைல் ஒன்று சுமார் 10 முதல் 15 எம்பி. அதோடு வரும் இனிட்ஆர்டி, டிரைவர்களைப் பொறுத்து 50 எம்பி-யிலிருந்து 150 எம்பி வரை போகும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் ஊதும். இது ஒரு செட்டுக்கான கணக்கு. புது கெர்னல் தகராறு செய்தால் திரும்பிப் போக வசதியாக, லினக்ஸ் பழைய கெர்னலையும் அழிக்காமல் வைத்திருக்கும். ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னலை வைத்துக்கொள்ளும், அவசரத்துக்கு ஒரு ரெஸ்க்யூ இமேஜும் உண்டு. அப்டேட் நடக்கும்போது பழசை எடுப்பதற்கு முன்பே புதுசு உள்ளே வந்துவிடும். 512 எம்பி பூட் பார்ட்டிஷன் இப்படித்தான் ஒருநாள் நிரம்பி, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்து நிற்கும்.

என்ன வேடிக்கை என்றால், டிஸ்க்கில் 100 ஜிபி காலியாகக் கிடக்கும். ஆனால் அது வேறு பார்ட்டிஷன். பக்கத்து வீட்டு மொட்டை மாடி காலியாக இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுத் துணியை அங்கே காயப்போட முடியாது அல்லவா, அதே நிலைமைதான். இனிட்ஆர்டி பாதி எழுதிய நிலையில் நின்றுபோய், அது தெரியாமல் ரீஸ்டார்ட் செய்தால் கறுப்பு ஸ்கிரீன் வரவும் வாய்ப்புண்டு. கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

ஃபெடோரா தன் 43-வது பதிப்பில் பூட் பார்ட்டிஷனின் வழக்கமான அளவை 1 ஜிபி-யிலிருந்து 2 ஜிபி ஆக்கியதும் இந்த நெருக்கடியால்தான்.

விண்டோஸ்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2024 ஜனவரி 9-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது. ரெக்கவரி வழியாக பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிவிடும் ஓட்டையை அடைப்பதற்கான அப்டேட் அது. உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் 80070643 என்று முடியும் எரரோடு அது ஏற மறுத்தது. காரணம், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லை. அந்தப் பார்ட்டிஷனின் அளவை முடிவு செய்ததே விண்டோஸ் இன்ஸ்டாலர்தான்! ‘நீங்களே கமாண்ட் அடித்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்’ என்று மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. விண்டோஸ் 10-க்குத் தானாகச் சரியாகும் தீர்வு வராது என்றும் பிறகு கைவிரித்தது. பார்ட்டிஷன் என்றால் என்னவென்றே தெரியாத வீட்டு உபயோகிப்பாளர் கமாண்ட் அடித்து டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ரொம்பவே அதிகம்.

இஎஸ்பி-யும் இதே கதைதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் பல வருஷமாகத் தானாக உருவாக்கியது 100 எம்பி. விண்டோஸோடு உபுண்டு மட்டும் சேர்ந்தால் இது போதும், ஏனென்றால் உபுண்டு அங்கே வைப்பது சில எம்பி பூட் லோடர் மட்டுமே. பாப் ஓஎஸ் மாதிரி சில லினக்ஸ்கள் கெர்னலையே இஎஸ்பி-யில் கொண்டுவந்து வைக்கும், அதற்கு 100 எம்பி எந்த மூலைக்கு? சில லேப்டாப் நிறுவனங்கள் பயாஸ் அப்டேட் ஃபைல்களையும் அங்கேயே போட்டு வைக்கும். இடம் பத்தாமல் ‘சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை’ என்று விண்டோஸ் புலம்புவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். இஎஸ்பி-க்கு அடுத்து ஒட்டியே விண்டோஸின் குட்டி ரிசர்வ் பார்ட்டிஷனும் சி டிரைவும் உட்கார்ந்திருக்கும். விண்டோஸின் சொந்த டூலால் சி டிரைவின் வால் பக்கத்தைத்தான் சுருக்க முடியும், தலைப் பக்கத்தை நகர்த்த முடியாது. அதை நகர்த்தவே தனி சாஃப்ட்வேர், மணிக்கணக்கில் நேரம், நடுவில் கரன்ட் போனால் மொத்த டேட்டாவுக்கும் ஆபத்து. முதல் நாளே இடம் விடணும் என்று சொல்வது இதனால்தான்.

256 ஜிபி-யை எப்படிப் பிரிக்கலாம்?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்கான எல்காட் டெண்டரில் கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்பில் மாற்றிப் போட நிறையப் பேர் வாங்குவதும் இதே அளவுதான். 256 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெட்டியில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுகிறது.

இந்த 238-ல் இஎஸ்பி-க்கு 1 ஜிபி, என்க்ரிப்ஷன் போடுவதாக இருந்தால் பூட் பார்ட்டிஷனுக்கு 2 ஜிபி. மொத்தம் 3 ஜிபி, நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு. ஃபோனில் எடுத்த ரெண்டு மூணு கல்யாண வீடியோவை அழித்தால் கிடைக்கிற இடம். இதில் போய் மிச்சம் பிடிக்க வேண்டாம். மீதியை லினக்ஸ் மட்டும் என்றால் ஒரே பார்ட்டிஷனாக விட்டுவிடலாம். விண்டோஸும் வேண்டுமென்றால் சரிபாதியாகப் பிரிப்பது இந்த அளவு டிஸ்க்கில் நடைமுறைக்கு ஒத்துவரும். நாலைந்து டிரைவாகத் துண்டு போடும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்று நிரம்பி வழியும், இன்னொன்று காலியாகக் கிடக்கும்.

காலி டிஸ்க்கில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் போடப் போகிறவர்களுக்கு ஒரு வழி. விண்டோஸை முதலில் போட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சின்ன இஎஸ்பி-யை உருவாக்கிவிடும். அதற்கு முன்பே லினக்ஸ் பென் டிரைவில் ‘டிரை’ முறையில் உள்ளே போய், ஜிபார்ட்டெட்டில் ஜிபிடி டேபிள் உருவாக்கி, முதல் பார்ட்டிஷனாக 1 ஜிபி ஃபேட்32 போட்டு, அதற்கு இஎஸ்பி ஃப்ளாக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு விண்டோஸ் இன்ஸ்டாலரில் காலி இடத்தை மட்டும் காட்டினால், இருக்கிற இஎஸ்பி-யையே அது எடுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது என்றால் பதற வேண்டாம். உபுண்டு, மின்ட் வகையறாவில் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை பழைய கெர்னல்களைத் தானே நீக்கிவிடும். இடம் சுத்தமாக இல்லாமல் அதுவே தடுக்கி நின்றால், இருப்பதிலேயே மிகப் பழைய கெர்னலின் இனிட்ஆர்டி ஃபைலை ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு மறுபடி முயலலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் பார்ட்டிஷனைத் தொடும் முன் இன்னொரு வேலை. பல லேப்டாப்களில் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பூட் அமைப்பில் மாற்றம் தெரிந்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீ இல்லை என்றால் உள்ளே உள்ள ஃபைல் எதுவும் திரும்ப வராது, எந்தக் கடையிலும் எடுத்துத் தர முடியாது. ஃபோட்டோ, சர்ட்டிஃபிகேட், பிராஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் மீதி எல்லாம்.

பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்துப் போயிருக்கும், சார்ஜர் சொருகியிருந்தால்தான் உயிர். அப்படியென்றால் இன்ஸ்டால் செய்ய நாள் குறிக்கும் முன், ‘நாளைய மின்தடை’ பட்டியலில் உங்கள் ஏரியா பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.